கொப்பியின் கடைசிப் பக்கம்

பாடசாலைக் கொப்பிக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. முதற் பக்கத்தில் தொடங்கி முன்னோக்கிச் செல்வது ஆசிரியருக்காக எழுதப்படுவது. கடைசிப் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி வருவது மாணவர் தமக்காகவே எழுதிக்கொள்வது. முன்னதைத் திருத்திப் புள்ளியிடுகிறோம். பின்னதைக் கண்டால் கோபங்கொண்டு கிழித்தெறிகிறோம். வட்டமும் புள்ளடியும் இடும் ஆட்டம், புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பெட்டி கட்டும் ஆட்டம், பெயர், ஊர், மிருகம், பொருள் எனப் பத்தி பிரித்து எழுதும் ஆட்டம், மறைத்த சொல்லை எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிக்கும் ஆட்டம், கட்டங் கீறிக் கப்பல்களை ஒளித்துவைக்கும் ஆட்டம் ஆகிய யாவும் அந்தப் பின்பக்கத்துக்கு உரியவை. நாட்டார் பாடலையும் விடுகதையையும் மக்களின் ஆக்கமென ஏற்றுக்கொண்ட நமது விமர்சகர்கள்கூட இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை.

இப்பொழுது பொருட்படுத்த வேண்டிய தேவை ஏற்பட்டிருக்கிறது. நாம் கிழித்தெறிந்த பக்கத்தை வேறு சிலர் பொறுக்கியெடுத்து, கைத்தொலைபேசித் திரைக்கு ஏற்ற பண்டமாக்கி, விளம்பரங்களையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்கே திருப்பித் தருகின்றனர். பிள்ளைகளும் விரும்பி ஏற்கின்றனர். இந்த இடமாற்றத்தில் ஆட்டத்துக்கு நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இவ்விடயம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஒரு பெருமூச்சுக் கேட்கிறது. எங்கள் காலத்து விளையாட்டுப் போல வருமா என்பது அதன் பொருள். அந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. சீட்டெழுதி மடித்துக் குலுக்கிப் போடும் இராசா, மந்திரி, பொலிஸ், கள்ளன் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராசா என்ற சீட்டு வாய்த்தவன் யாதொன்றும் செய்யாமல் ஆயிரம் புள்ளி பெறுகிறான். கள்ளனைத் தேடிக் கண்டுபிடிக்கப் பாடுபடுபவன் அதனிலும் குறைவாகவே பெறுகிறான். பிடிபட்ட கள்ளனுக்குப் பூச்சியம். நிலப்பிரபுத்துவத்தின் நியாயம் முழுவதும் நான்கு துண்டுக் கடதாசியில் அடங்கிவிடுகிறது! மறைசொல் ஆட்டத்திலோ பிழையான எழுத்தைச் சொன்னவனுக்காகத் தூக்குமரம் ஒன்று கோடு கோடாக எழும்புகிறது. இலங்கையில் 1976ஆம் ஆண்டுக்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. கொப்பிகளில் மட்டும் தண்டனை நிறைவேறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே பழைய ஆட்டங்களின் உள்ளடக்கத்தை நான் போற்ற வரவில்லை. அவற்றின் ஆட்சிமுறையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

ஆசிரியர் வராத பாடவேளையொன்றில் எட்டாந் தர மாணவர் நால்வர் பெயர், ஊர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். விழுந்த எழுத்து இகரம். ஊர் என்ற பத்தியில் ஒரு மாணவி 'இலண்டன்' என்று எழுதியிருந்தாள். லண்டன் லகரத்தில் அல்லவா தொடங்குகிறது என்று மறுத்தான் மற்றொருவன். பாடப்புத்தகத்தில் 'இலங்கை' என்று இருக்கிறதா, 'லங்கை' என்று இருக்கிறதா எனத் திருப்பிக் கேட்டாள் அவள். பத்துப் புள்ளிக்கான வழக்கு. வகுப்பைக் கடந்து சென்ற என்னை நடுவராக அழைத்தனர். மொழிக்கு முதலில் வரத்தக்கவை என்று நன்னூலார் பன்னிரண்டு உயிரையும் பத்து மெய்யையும் வரையறுத்தார், அவற்றுள் லகரமும் ரகரமும் இல்லை என்றேன். மாணவிக்கு வெற்றி. உடனே எதிர்த்தரப்பு எழுந்தது: "அப்பிடியெண்டால் 'ரயில்' எழுதேலாதோ, சேர்? போனமுறை அவள் ரயில் எழுதிப் பத்து எடுத்தவள்!" வழக்கு மீண்டும் தொடங்கியது. எனது நன்னூல் அவ்வளவில் பயனற்றுப் போயிற்று. இறுதியில் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தனர். பிறமொழிப் பெயராயின் இரு வடிவமும் செல்லும். ஆனால் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஒரு கொள்கையையே பின்பற்ற வேண்டும். பிறமொழிச் சொற்களைத் தமிழில் எழுதுவது பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் நடத்திய நீண்ட விவாதங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான முடிவு எட்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆட்சிமுறை என்று நான் குறிப்பிட்டது இதனைத்தான். சட்டம் இயற்றுவோரும் அதற்குக் கீழ்ப்படிவோரும் தீர்ப்பு வழங்குவோரும் அதே நால்வரே. விதி தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆடுவோரின் ஒப்புதலில் அது வாழ்ந்தது. ஒப்புதல் மாறியபோது அதுவும் மாறியது. அளாப்பியவனை அடுத்த ஆட்டத்தில் சேர்க்காமல் விடவும், அவன் முகம் வாடியிருப்பதைக் கண்டு மறுபடி சேர்த்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. இதே ஆட்டம் செயலியாகும்போது சொற்பட்டியல் தீர்ப்பளிக்கிறது. பட்டியலில் இல்லாத ஊர் ஊரன்று. தான் பிறந்த கிராமத்தின் பெயரை எழுதிய பிள்ளைக்குப் பிழையென்று செந்நிறத்தில் காட்டப்படுகிறது. யாரிடம் போய் முறையிடுவது?

இயந்திரத்தை இவ்வாட்டங்களுக்குள் முதலில் கொண்டுவந்தவர்கள் ஆட்டத்தை விற்க வந்தவர்கள் அல்லர். 1950ஆம் ஆண்டு ரொறொன்ரோவில் நடைபெற்ற கனேடிய தேசியக் கண்காட்சியில் யோசெப் கேற்ஸ் என்பவர் ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரமான இயந்திரமொன்றை நிறுத்தி, வட்டமும் புள்ளடியும் ஆடப் பார்வையாளரை அழைத்தார். தாம் உருவாக்கிய வெற்றிடக் குழாயின் ஆற்றலைக் காட்டுவது அவர் நோக்கம். 1952இல் கேம்பிறிட்ஜில் ஏ. எஸ். டக்ளஸ் என்ற ஆய்வு மாணவர், மனிதனுக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு பற்றிய தமது ஆய்வேட்டின் பொருட்டு, எட்சாக் என்ற கணினியை அதே ஆட்டம் ஆடும்படி செய்தார். எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதைத் தொலைபேசியின் சுழல்தட்டைச் சுழற்றித் தெரிவிக்க வேண்டும். அந்த எதிராளி பிழை விடாது. இரு தரப்பும் பிழைவிடாது ஆடினால் இவ்வாட்டம் சமநிலையிலேயே முடியும் என்பதை நாம் அறிவோம். ஆகவே அதனை எவரும் வெல்லவும் முடியாது. வகுப்பறையில் நடப்பது வேறு. ஆட்டத்தின் இரகசியத்தைப் பத்து வயதளவில் கண்டுபிடித்துவிடும் பிள்ளை, அதன் பின்னர் தம்பி தங்கையரோடு வேண்டுமென்றே தோற்பதற்காக மட்டுமே அதனை ஆடுகிறது.

இவ்விரண்டிலும் பார்க்க எனக்கு உவப்பானது டொனால்ட் மிச்சி 1961 அளவில் செய்த இயந்திரம். அதற்கு மின்சாரமே தேவைப்படவில்லை. 304 தீப்பெட்டிகள், ஒவ்வொன்றும் வட்டமும் புள்ளடியும் ஆட்டத்தின் ஒரு நிலையைக் குறிப்பது, ஒவ்வொன்றினுள்ளும் பல நிற மணிகள். உரிய பெட்டியைக் குலுக்கி, வந்த மணியின் நிறம் காட்டும் கட்டத்தில் வைக்க வேண்டும். வென்றால் அதே நிற மணிகள் பெட்டிகளில் மேலும் சேர்க்கப்படும். தோற்றால் அந்த மணிகள் பறிக்கப்படும். ஆட ஆடத் தீப்பெட்டிகள் திறமை பெற்றன. செயற்கை நுண்ணறிவு என்று இன்று மந்திரம்போல் உச்சரிக்கப்படும் பொருளின் ஒரு வித்து அங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஏன் அப்படி ஆடியது என்று கேட்டால் பெட்டியைத் திறந்து மணிகளை எண்ணிப் பார்க்கலாம். கணினியறை பூட்டிக்கிடக்கும் பாடசாலைகளிலும் இதனைச் செய்ய முடியும் என்பதை விஞ்ஞான ஆசிரியர்கள் கவனிப்பார்களாக.

வியாபாரம் கணினிக்கு முன்பே பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. கப்பலை ஒளித்துவைக்கும் ஆட்டத்துக்கு இரண்டு தாளும் இரண்டு பென்சிலும் போதும். 1931இல் அமெரிக்காவில் அதனைக் கட்டம் அச்சிட்ட தாள்களாக விற்றனர். 1967இல் மில்ட்டன் பிராட்லி நிறுவனம் பிளாஸ்டிக் பலகையும் முளைகளுமாக விற்றது. ஒருவர் மறைத்த எண்ணை மற்றவர் ஊகிக்கும் 'காளைகளும் பசுக்களும்' என்ற தாளாட்டத்தின் சாயலில் 1970களின் தொடக்கத்தில் வண்ண முளைகளோடு 'மாஸ்டர்மைண்ட்' பெட்டி வந்தது. தாளில் இருந்தவரை உடைமையாளர் எவரும் இல்லாதிருந்த ஆட்டம் பெட்டிக்குள் புகுந்ததும் உடைமையாயிற்று.

அண்மைக்காலத்தில் இதன் உச்சத்தைக் கண்டோம். ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் ஆட்டம் 1955இலேயே 'ஜொட்டோ' என்ற பெயரில் தாளில் ஆடப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'வேர்டில்' என்ற ஆட்டத்தை ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியியலாளர் தம் துணைவிக்காக ஆக்கி, 2021 ஒக்ரோபரில் பொதுவில் வைத்தார். நாளுக்கு ஒரு சொல், ஆறு முயற்சி, கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே கரும்பலகையைப் பார்ப்பதுபோல, இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரே சொல்லைத் தேடினர். கணினியால் கொப்பியின் பின்பக்கத்தை உலகளாவிய பின்பக்கமாக விரிக்க முடியும் என்பதற்கு அந்தச் சில மாதங்கள் சான்று. 2022 சனவரி இறுதியில் நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனம் அதனைப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு வாங்கியது. 2024இல் அதே பாணியில் ஆட்டங்கள் செய்த வேறு சிலருக்கு, அவற்றை அகற்றுமாறு அந்நிறுவனம் சட்ட அறிவித்தல் அனுப்பியது. கடைசிப் பக்கத்துக்கு வேலி விழுந்துவிட்டது. வார்டிலை நான் குறைகூறவில்லை. தனியொருவரின் நல்ல மனம் சந்தைக்கு முன்னால் எத்தனை மாதம் நிற்கும் என்பதையே இங்கு கவனிக்கிறேன்.

பெட்டி கட்டும் ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எழுதாளாட்டங்கள் அனைத்திலும் ஆழமானது அதுவே என்பது என் எண்ணம். 1889இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா அதனை எழுதி வெளியிட்டபோது, எக்கோல் பொலிதெக்னிக்கில் பயின்ற மாணவர்களிடமிருந்து அது தமக்குக் கிடைத்ததாகக் குறித்தார். மாணவர் ஆசிரியருக்குக் கொடுத்த பாடம் என்று அதனைக் கொள்ளலாம். அமெரிக்கரான எல்வின் பேர்ல்கேம்ப் 2000ஆம் ஆண்டில் அவ்வாட்டத்துக்கென ஒரு நூலையே எழுதினார். நான்காவது கோட்டை இழுப்பவருக்குப் பெட்டி சொந்தம், மறுமுறையும் அவருக்கே. ஆட்டம் முதிரும்போது பெட்டிகள் சங்கிலிபோல் தொடர்ந்து நிற்கும். புதியவன் சங்கிலி கிடைத்ததும் முழுவதையும் விழுங்குவான். விழுங்கி முடித்த பின் அடுத்த சங்கிலியைத் தானே திறந்துவிட நேரும். பழகியவன் கடைசி இரண்டு பெட்டிகளைத் தொடாமல் எதிராளிக்கு விட்டுக்கொடுப்பான். அவற்றை எடுத்தவன் அடுத்த சங்கிலியைத் திறந்தே ஆகவேண்டும். இரண்டைக் கொடுத்து ஏழை வாங்கும் இந்த நுட்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்குத் தேவையானவை நேரமும், பலமுறை தோற்பதற்கான பொறுமையும், எதிரே இருக்கும் ஒரு முகமும்.

மாணவர் கைகளில் நான் பார்த்த இவ்வாட்டச் செயலிகள் பல இம்மூன்றையும் பறித்துக்கொள்கின்றன. நகர்வு ஒவ்வொன்றுக்கும் வினாடி எண்ணப்படுகிறது. சிந்திப்பவன் முறையை இழக்கிறான். தோற்கும் தறுவாயில் உதவிக் குறிப்பு ஒன்று மின்னுகிறது. அதனால் தோல்வியும் முழுமையாகக் கிட்டுவதில்லை. யாவற்றிலும் கொடியது வேறொன்று. பிழையாக இழுத்த கோட்டைத் திரும்பப் பெற வேண்டுமானால் விளம்பரம் ஒன்றை முப்பது வினாடி பார்க்க வேண்டும். தாளில் ஆடியபோது இதே சலுகையை நண்பனிடம் கேட்டோம். "ஒருக்கா அழிச்சுப்போட்டு வைக்கட்டே?" என்றோம். அவன் அழிறப்பரைத் தந்தான், அல்லது மறுத்தான். மறுத்தால் மறுநாள் நாமும் மறுத்தோம். இரு பிள்ளைகளுக்கிடையே கொடுக்கல் வாங்கலாயிருந்த இரக்கம் இங்கே விலைப்பொருளாகிவிட்டது, அதுவும் கேட்டவனுக்கும் கொடுப்பவனுக்கும் தொடர்பில்லாத மூன்றாமவன் ஒருவனின் சரக்கை விற்பதற்காக.

இனி, தாளே இல்லாமல் தாளின் தோலை மட்டும் உரித்துக்கொண்ட ஆக்கங்களும் உண்டு. 2009இல் வெளியாகிப் பெரும்பெயர் பெற்ற 'டூடில் ஜம்ப்' சதுரக்கோட்டுத் தாளின் தோற்றத்தைப் பின்னணியாகக் கொண்டது. அந்தத் தாளில் ஆடுபவர் ஒரு கோடும் கீற முடியாது, துள்ளலாம், விழலாம். அதே ஆண்டில் முழுவடிவம் பெற்ற 'கிரேயோன் பிசிக்ஸ்' என்ற ஆட்டத்தைப் பின்லாந்தைச் சேர்ந்த பெற்றி புர்ஹோ செய்தார். அதில் ஆடுபவர் கீறிய பெட்டியும் வட்டமும் பாரம் பெற்று விழுகின்றன, உருள்கின்றன. கொப்பியில் கீறிய வண்டி ஓடாதா என்று ஏங்கிய பிள்ளைக்குக் கிடைத்த விடை அது. தாளால் ஒருபோதும் தரமுடியாத ஒன்றை அங்கே இயந்திரம் தந்திருக்கிறது. இவ்வகை ஆக்கங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருப்பதற்குக் காரணம் கற்பனை வறட்சி அன்று; துள்ளி விழும் ஆட்டம் விற்பனைக்கு எளிது.

நமது மொழி பற்றிய சிக்கலும் ஒன்று உண்டு. மறைசொல் ஆட்டத்தில் 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லுக்குக் கொப்பியில் ஆறு கோடுகள் இடுவோம். எந்தப் பிள்ளையும் இதில் தவறாது. கணினிக்கு அது பதினொன்று! யுனிகோட் முறையில் 'யா' என்பது யகரமும் துணைக்காலுமாகவும், 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாகவும் தனித்தனியே பதியப்படுகின்றன. இந்தியாவில் 1988இல் வகுக்கப்பட்ட குறிமுறையை அடியொற்றி, 1991இல் வெளிவந்த யுனிகோட்டிலும் தமிழ் இவ்வாறே இடம்பெற்றது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் அதில் ஐந்து. ஆங்கிலத்துக்கென எழுதிய நிரலில் தமிழ்ச் சொற்களைக் கொட்டி ஆட்டமென வெளியிடுவோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. விளைவாகத் துணைக்காலும் கொம்பும் அநாதைகளாகத் திரையில் தொங்குகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியாக ஊகிக்கும்படி பிள்ளை கேட்கப்படுகிறது. சார்ந்துவரும் குறியை முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும்படி சில வரிகள் எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் குறை இது. அந்தச் சில வரிகளை எழுத, எழுத்து என்றால் என்ன என்று அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தமிழாசிரியரைக் கணினியறைக்குள் அழைப்போர் எத்தனை பேர்?

தாள் இலவசம், திரை செலவு என்று கூறுவதும் முழு உண்மையாகாது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 மார்ச்சில், அச்சிடுவதற்குத் தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொப்பியின் விலை ஏறியபோது கடைசிப் பக்கமும் பாடத்துக்கே தேவைப்பட்டது. பென்சிலால் எழுதி அழித்து மறுபடி எழுதிய பிள்ளைகளைப் பார்த்தோம். அதற்கு முந்திய இரு ஆண்டுகளில் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது வீட்டிலுள்ள ஒரேயொரு கைத்தொலைபேசி மூன்று பிள்ளைகளின் வகுப்பறையாயிற்று. அது தந்தையோடு வேலைக்குச் சென்றால் வகுப்பும் சென்றது, விளையாட்டும் சென்றது. ஏழையின் வீட்டில் இரண்டுமே அரிய பொருள்தான். திரையால் விளைந்த நன்மையையும் மறைக்க வேண்டியதில்லை. போருக்கும் வறுமைக்கும் பின்னர் ஒரே குடும்பம் யாழ்ப்பாணத்திலும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலுமாகச் சிதறிக்கிடக்கிறது. ஒருவரையொருவர் நேரிற் காணாத மச்சாள்மார் இருவர் இரவில் பெட்டி கட்டி விளையாடுவதைத் தாளால் ஒருபோதும் சாதித்திருக்க முடியாது.

ஆகவே, ஒரு தாளாட்டம் நன்றாகத் திரைக்கு மாற்றப்பட்டதா என்று மதிப்பிட நான் கேட்கும் கேள்வி ஒன்றே. விதி இப்போது யார் கையில் இருக்கிறது? நிறமும் ஓசையும் வேகமும் அதற்குப் பிந்தியவை.

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர் மூவர் பெட்டி கட்டும் ஆட்டத்துக்கு நிரல் எழுத முனைந்தபோது இதனை நேரிற் கண்டேன். இரண்டு நாளில் முடியும் என்றனர். மூன்றாம் நாள் தகராறு. பெட்டியை மூடும் வாய்ப்பு இருந்தால் மூடியே ஆகவேண்டும் என்பது ஒருவனுடைய ஊர் விதி. விரும்பினால் விடலாம் என்பது மற்ற இருவருடைய விதி. தாளில் இத்தனை ஆண்டுகள் ஆடியும் இந்த வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்டாயம் என்றால், இரண்டைக் கொடுத்து ஏழை வாங்கும் நுட்பமே செத்துவிடும் என்று ஒருத்தி கரும்பலகையில் கீறிக் காட்டினாள். அது தானே நியாயம், கையில் வந்ததை வேண்டாமென்பது பணக்காரன் குணம் என்றான் அவன். பொருளியல் பாடத்தில் இவ்வளவு சூடான விவாதம் நடந்ததில்லை. கடைசியில், ஆட்டம் தொடங்குமுன் எந்த விதி என்று ஆடுவோரிடமே கேட்கும்படி எழுதினர்.

அதன் பின்னர் பெயர், ஊர் ஆட்டத்துக்கும் ஒரு நிரல் எழுதினர். அதில் சொற்பட்டியல் இல்லை. ஒருவர் எழுதிய சொல்லை மற்றொருவர் மறுத்தால் இயந்திரம் நின்றுவிடும்; எல்லோரும் பேசி முடித்து, வாக்களித்த பின்னரே நகரும். வாக்குச் சமமானால் எழுதியவர் பக்கம் தீர்ப்பு. பார்வைக்கு அழகில்லாத ஆக்கம். நால்வரும் ஒரே கணினியைச் சுற்றி முட்டிமோதி இருக்க வேண்டும். நான் பார்த்தவற்றுள் ஆகச் சிறந்த மாற்றம் இதுவே என்பது என் மதிப்பீடு.

எழுத்தெண்ணும் பகுதியையும் அவர்களே திருத்தியிருக்கின்றனர். 'யாழ்ப்பாணம்' இப்போது ஆறு. 'ஸ்ரீ' மட்டும் இன்னும் இரண்டாகவே வருகிறது. 1958இல் வாகனத் தகடுகளில் இருந்த இதே பெயருடைய சிங்கள எழுத்துக்காகத் தெருவெல்லாம் தார் பூசப்பட்டதை அவர்கள் அறியார். நான் சொன்னபோது சிரித்தனர். தமிழில் அது ஓர் எழுத்தா, ஸகர மெய்யும் ரீகாரமும் சேர்ந்த இரண்டா என்று சென்ற வாரம் மூவரும் என்னிடம் வந்து கேட்டனர். கிரந்த எழுத்தைப் பற்றி நன்னூலாரிடம் கேட்க வழியில்லை என்றேன். நிரலை அப்படியே திறந்து வைத்துவிட்டு, வெளியே நின்று வாதாடிக்கொண்டிருந்தனர்.